வயிற்றுவலி என்றாள் மகள்

பாரிசில் லா சப்பல் மெட்ரோப் பாலத்துக்கு எதிரே, ஒரு நகைக்கடைக்கும் கைபேசிக் கடைக்கும் நடுவில், பிரெஞ்சில் தபா என்கிற புகையிலைக் கடை ஒன்று இருக்கிறது. சிகரெட், லொத்தர் சீட்டு, தபால் முத்திரை, நின்றபடி குடிக்கிற கோப்பி. நடத்துவது ஒரு சீனக் குடும்பம். காலை ஏழு மணியிலிருந்து கல்லாவுக்குப் பின்னால் நிற்பவள் பான் ஷியூலான். வயது ஐம்பத்திரண்டு. அந்தத் தெருத் தமிழர்கள் நேரே பார்த்தால் 'மதாம்' என்பார்கள், முதுகு திரும்பினால் 'சீனத்தி' என்பார்கள். அவளுக்கு இரண்டும் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு டிசம்பர் காலையில் அவள் ஷட்டரைத் தூக்கியதும் இரண்டு பேர் உள்ளே புகுந்தார்கள். ஒருவன் அவள் காதுக்குக் கீழே கத்தியை வைத்துக்கொண்டு நின்றான். மற்றவன் சிகரெட் பெட்டிகளைப் பைக்குள் அள்ளினான். போய்விட்டார்கள். பிறகு வந்த பொலிசார் எல்லாவற்றையும் எழுதி முடித்து, ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் மனம்விட்டுப் பேச ஒரு இடம் உண்டு, விரும்பினால் போகலாம் என்றார்கள். கணவன் ஹூ அந்த அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"வெட்டினானா?"

"இல்லை."

"ரத்தம் வந்ததா?"

"இல்லை."

"பிறகென்ன?"

அட்டையை நாலாக மடித்து, ஜன்னலோர மேசையின் ஆடுகிற காலுக்கடியில் செருகினான். மேசை ஆடுவது நின்றது.

ஷியூலானுக்கு நிற்கவில்லை. முதலில் கைகள்தான் நடுங்கின. பிறகு தூக்கம் போயிற்று. வாயில் போட்ட சோறு மணலாகக் கிடந்தது. அதற்குப் பிறகு வந்ததற்கு அவளிடம் பெயர் இல்லை. மெட்ரோ மேடையில் நிற்கும்போது வண்டி வெளிச்சம் தெரிந்தால் கால்கள் அவளைக் கேட்காமல் முன்னால் போகப் பார்த்தன. அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினாள்.

மருத்துவர்கள் இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. பெல்வில்லில் சீனம் பேசுகிற ஒருவர் இருந்தார். அவருடைய வரவேற்பில் உட்காரும் பெண்ணும் ஹூவின் அக்காவும் சேர்ந்து சீட்டாடுபவர்கள். செவ்வாய்க்கிழமை அங்கே வாய் திறந்தால் புதன்கிழமை அது சொந்தக்காரர்களின் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். பெயர் கெட்ட வீட்டுக்கு என்ன நடக்கும் என்பதையும் அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். அவள் பிறந்த ஊரில் சூளைக்காரர் வீட்டின் புத்தி பேதலித்த இரண்டாவது மருமகளைப் பன்றிக் கொட்டிலில் கட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வேலி வழியே பழத்தோலை எறிவார்கள். ஒன்பது வயது ஷியூலானும் எறிந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் மூவரையும் கடைசிவரை ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை.

இப்போது மகள் மெலானிக்கு ஒரு இடம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஓபர்வில்லியேயில் கைப்பை மொத்த வியாபாரம் செய்பவர்கள். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தாய் ஷியூலானை மேலும் கீழும் பார்த்து, "சட்டை தொங்குதே, உடம்புக்கு ஏதாவது வருத்தமா?" என்று சிரித்தபடி கேட்டாள். அடுத்த வாரமே மெலானி தாயைப் பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு பிரெஞ்சு மருத்துவரிடம் கூட்டிப் போனாள்.

எட்டு வயதிலிருந்து தாய்க்கு மொழிபெயர்ப்பவள் மெலானி. வரி அலுவலகம், வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அவள்தான் தாயின் வாய். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பது அவளுக்கு அத்துப்படி.

மருத்துவர் நிதானமானவர். "என்ன செய்கிறது, சொல்லுங்கள்" என்று கணினியை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அப்படித் திரும்பி உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். ஷியூலான் தன் மொழியில் சொல்லிவிட்டாள்.

"விடிஞ்சா ஏன் விடிஞ்சதுன்னு இருக்கு. மெட்ரோ வரும்போது கால் தானாப் போகுது. ஒருநாள் போயிடுவேன்னு பயமா இருக்கு."

மெலானியின் முகம் வெளுத்தது. கைப்பையின் பிடியை இரண்டு முறை முறுக்கினாள். பிறகு தெளிவான பிரெஞ்சில் சொன்னாள்:

"அம்மாவுக்கு வயிற்றுவலி. எரிகிறதாம். சாப்பாடு இறங்கவில்லையாம்."

இருபது வருடம் கல்லாவில் நின்றவளுக்கு அந்த வார்த்தைகள் தெரியாதா? ஷியூலான் மகளைப் பார்த்தாள். மகள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். மருத்துவர் தாயிடமே திரும்பி, "வயிறா?" என்று தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"உய்," என்று தலையாட்டினாள் ஷியூலான். "வயிறு."

தெருவுக்கு வந்ததும் மெலானி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் பதிவில ஏறிடும்மா. ஆறு மாசம் பொறுத்துக்கங்க. கல்யாணம் முடியட்டும்." குரலில் அன்பு இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று தாள் வந்தது. "பார்த்தாயா, ஒன்றுமில்லையாம்," என்றான் ஹூ.

தபாவில் காலை வேளைகளில் கோப்பை கழுவித் தரை துடைப்பவள் சாரதாதேவி, யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு காலை நிலவறைப் படியில், பியர்ப் பெட்டிகளுக்கு நடுவே ஷியூலான் ஏப்ரனை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுவதைக் கண்டாள். இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டும். தமிழில் சொன்னால் சாரதாதேவி பேசியது இப்படி இருக்கும்:

"மதாம், எனக்கும் உப்பிடித்தான் இருந்தது. சண்டைக்குப் பிறகு செத்த ஆக்களின்ரை சத்தம் கேக்கும். நாலு வருசமா ஒரு டொக்டரிட்டைப் போறனான். எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கெண்டு நான் ஒரு நாள் கேக்கிறன். சீனம் கதைக்கிற ஆளைத் தூர இடத்திலையிருந்து கூப்பிடுவினம், உங்களை அறியாத ஆள். பயப்பிடாதேங்கோ, நானும் கூட வாறன்."

ஷியூலான் தலையாட்டினாள். ஒரு வியாழக்கிழமை கிடைத்தது, பத்தரை மணிக்கு. அதுவரையிருந்த மூன்று வாரமும் அவளுக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கியது.

அந்த வியாழன் காலை ஒன்பதரைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் தாய் அழைப்பிதழ் மாதிரிகளோடு வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். ஷியூலான் எதிரே உட்கார்ந்து தங்க நிறமா சிவப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவருகே இராஜேந்திரன், புடவைக்கடைக்காரர், லொத்தர் சீட்டைச் சுரண்டிக்கொண்டு நின்றார். சாரதாதேவி கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"மதாம், நேரமாச்சு. டொக்டர்."

மாப்பிள்ளையின் தாய் பாரிசிலேயே வளர்ந்தவள். பிரெஞ்சிலேயே கேட்டாள்: "என்ன டொக்டர்?"

சாரதாதேவி ஷியூலானைப் பார்த்தாள், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல. ஷியூலானுக்குப் பன்றிக் கொட்டில் தெரிந்தது. உள்ளே கட்டப்பட்டிருந்தவளின் முகம் மெலானியின் முகமாக இருந்தது.

"எனக்கில்லை, இவளுக்கு," என்றாள். "இவளுக்குப் பைத்தியம். நாலு வருடமாகப் பைத்திய டொக்டரிடம் போகிறாள். தனியாகப் போகப் பயமாம், என்னைக் கூப்பிடுகிறாள்."

சீனத்தில் சொல்லியிருந்தாலும் சம்பந்தியம்மாளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் ஷியூலான் பிரெஞ்சில் சொன்னாள், உரக்கச் சொன்னாள். மறுத்துப் பேச இடமில்லாதபடி.

இராஜேந்திரனின் விரல் சீட்டின் மேல் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தாய் தன் கோப்பையை மெல்ல அப்பால் தள்ளினாள். "இவளா இதையெல்லாம் கழுவுகிறாள்?"

சாரதாதேவி கதவுப் பக்கம் திரும்பினாள். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள். மேல் பொத்தான் மட்டும் துளைக்குள் போகாமல் வெகுநேரம் வழுக்கியது. அவள் வாசலைத் தாண்டுமுன்பே ஹூ உள்ளேயிருந்து கத்தினான், நாளையிலிருந்து வர வேண்டாமென்று.

மற்றதை இராஜேந்திரன் ஒரு உபகாரம்போல வந்து வந்து சொன்னார். "நல்ல வேளை மதாம், நீங்கள் சொன்னியள். இவ்வளவு நாளும் ஒரு விசரியின்ரை கையாலையோ நாங்கள் கோப்பி குடிச்சனாங்கள்!" சாரதாதேவி பின்னேரங்களில் மரக்கறி வெட்டப் போகும் உணவகத்திலும் கதை போய்ச் சேர்ந்தது. அதன் முதலாளி கஜனி, "அக்கா, கொஞ்ச நாள் வீட்டிலை ஓய்வெடுங்கோ. கத்தி பிடிக்கிற வேலை, விளங்குதுதானே?" என்றாளாம். இராஜேந்திரன் சிரித்தார். ஷியூலான் அவருக்கு மிச்சக்காசு கொடுத்தாள்.

திருமணம் சிறப்பாக நடந்தது. முப்பது மேசை. ஷியூலான் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கிண்ணம் உயர்த்தினாள். எல்லோரும் அவள் கொடுத்துவைத்தவள் என்றார்கள். ஆறு மாதம் கழிந்தது. மெலானி தொலைபேசியில், "இப்ப எனக்கு மூணு மாசம்மா. குழந்தை பிறக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றாள்.

ஒரு பங்குனிக் காலையில் சாரதாதேவி தபாவுக்குள் வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும், பத்து முத்திரை கேட்டாள். மெலிந்திருந்தாள். ஷியூலான் முத்திரைத் தாளை எண்ணாமல் நீட்டினாள். கை நடுங்கியது. சாரதாதேவி அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீங்கள் டொக்டரிட்டைப் போனனீங்களோ, மதாம்?"

"இல்லை."

"நானும் இப்ப போறேல்லை," என்றாள் சாரதாதேவி. "டொக்டரின்ரை வாசல்லை எங்கடை ஆக்கள் நிண்டு பாக்கினம்."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் போலச் சொன்னாள். முத்திரைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். பின்னால் நின்றவர் ஒரு மார்ல்பரோ கேட்டார். ஷியூலானுக்கு அது காதில் விழவில்லை. அவர் சத்தமாக இன்னொரு முறை கேட்டார்.