வரவேற்புப் பாட்டுக்கு நான் போட்ட மெட்டு

எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. "ஒன்னப் பகைச்சிக்கிட்டவன் ஊர மாத்திக்கிட்டுதான் போவணும்" என்பார் என் வீட்டுக்காரர். திருப்பாப்புலியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தபோது என்னை ஒருவர் பகைத்துக்கொண்டார். அவர் ஊரை மாற்றிக்கொள்ளவில்லை. தினமும் காலை வணக்கத்தில் என் எதிரிலேயே வந்து நின்றார்.

அவர் மூத்த தமிழாசிரியை. பள்ளியில் எல்லோருக்கும் அவர் தமிழம்மா. ஆண்டு விழாவுக்கும் போட்டிகளுக்கும் பிள்ளைகள் சேர்ந்து பாட வேண்டிய பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. தேர்ந்தெடுப்பது என்றால் அவரே எழுதிக்கொண்டு வருவார், அதையே தேர்ந்தெடுப்பார். நான் 2005-இல் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாக வேலைக்குச் சேர்ந்தவள், நிரந்தரம் கிடையாது. அவர் கொண்டுவரும் வரிகளுக்கு மெட்டுப் போட்டு, ஆர்மோனியப் பெட்டியை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பழக்குவது என் வேலை.

மறு வருஷம் சிதம்பரத்தில் பள்ளிகளுக்கிடையே சேர்ந்திசைப் போட்டி நடந்தது. தமிழம்மா தமிழைப் பற்றி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். வரிகளில் ஒன்றுமில்லை, தமிழே அமுதே என்று எல்லோரும் எழுதுவதுதான். ஆனால் அதற்கு ஒரு மெட்டு வந்தது பாருங்கள்! காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பாதிப் பின்னலில் மெட்டு வந்துவிட்டது. அவளை அப்படியே உட்காரவைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். அன்று அவள் ஒற்றைப் பின்னலோடு, அழுதுகொண்டே ஸ்கூலுக்குப் போனாள்.

சிதம்பரத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத்தான் முதல் பரிசு. நடுவராக வந்திருந்த பெரியவர் மைக்கைப் பிடித்து, "பாட்டு இருக்கட்டும், இந்த மெட்டு யாருடையது?" என்று கேட்டார். நான் மேடைக்குப் பக்கத்தில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கலாம் என்று முந்தானையைச் சரிசெய்தேன். அதற்குள் தமிழம்மா மேடையேறி, "பாடலும் இசையும் அடியேன்தான்" என்று கைகூப்பிவிட்டார். கைத்தட்டல் அடங்கவே இல்லை. கேடயத்திலும் அவர் பெயரைத்தான் பொறித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பின்சீட்டில் பிள்ளைகள் கேடயத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள்.

"டீச்சர், மெட்டு நான்தான போட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ டெம்பரவரிம்மா. ஒம் பேரச் சொன்னா நாளைக்கி ஆயிரம் கேள்வி வரும்" என்றார். பிறகு என் தொடையில் தட்டி, "மெட்டு என்னா பெரிய மெட்டு? வாய்ல வர்றதுதான. எழுதறதுதாம்மா கஷ்டம்" என்றார்.

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இருக்குடி உனக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது பணமும் இல்லை, கேடயமும் இல்லை. இந்த மெட்டு இவளுடையது என்று ஒரே ஒரு தடவை அந்தப் பொம்பளை வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் சொல்லவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் விழா நோட்டீஸில் 'பாடல், இசை' என்று போட்டு அவர் பெயர். நான் போட்ட மெட்டை எனக்கே பாடிக்காட்டி, "இந்த எடத்துல கொஞ்சம் கொழையணும்மா" என்று திருத்தம்கூடச் சொல்வார். சிதம்பரத்துப் பாட்டைத் தினசரி காலை வணக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். தினமும் நானே வாசித்து, தினமும் நானே வெந்தேன்.

கடைசியாக 2012 ஆண்டு விழா வந்தது. பாட்டு தேர்ந்தெடுக்க லைப்ரரி அறையில் உட்கார்ந்தோம். நான் நெல்லிக்குப்பம் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் பெண்கள் நடவு நடும்போது பாடுகிற பாட்டு ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம் என்று பாடிக்காட்டினேன். தமிழம்மா இரண்டு வரிக்கு மேல் கேட்கவில்லை.

"அய்யே! இதெல்லாம் சேத்துல எறங்கிப் பாடறது. வி.ஐ.பி. வர்ற எடத்துல நாகரிகமா வேணாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் முடிவு பண்ணினேன்.

அந்த வருஷ சிறப்பு விருந்தினர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி. பள்ளிக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தவர். அவருக்குத் தமிழம்மா ஒரு வரவேற்புப் பாட்டு எழுதி வந்தார். 'தண்ணீர்த் தொட்டி தந்தவரே, தாகம் தீர்க்க வந்தவரே, வாடி நின்ற பிள்ளைகளை வாழ வைத்த வள்ளலே' என்று போனது. வாங்கிப் படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. இது வரவேற்புப் பாட்டா? தந்தவரே, வந்தவரே, வள்ளலே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவது எங்கே என்று எங்கள் ஊர்ப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாவு வீட்டில்தான்.

நான் எங்கள் பக்கத்து ஒப்பாரி மெட்டைப் போட்டேன். ஒரு சுரம்கூட மாற்றவில்லை. வேகத்தை மட்டும் கூட்டிவிட்டேன். கீபோர்டு வாசிக்க வந்த தம்பி அதற்கு டிங்கு டிங்கு என்று ஒரு தாளத்தைத் தட்டிவிட்டதும் கல்யாணப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. தமிழம்மா ஒத்திகையில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவர் துஷ்டி வீட்டுக்குப் போனால் மாலையைப் போட்டுவிட்டு வாசலோடு திரும்புகிறவர். உள்ளே பெண்கள் உட்கார்ந்து என்ன பாடுகிறார்கள் என்று அவர் எங்கே கண்டார்?

"பிரமாதம்மா! இதுக்கு ஆக்‌ஷன் வைக்கணும்" என்று அவரே மேடையேறினார். ஒற்றுமை தெரிய வேண்டுமாம். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டு, முன்னும் பின்னும் ஆடச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க வழி தெரியாமல் பெட்டிக்குள் தூசி என்று குனிந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆட்டத்துக்கு நான் பொறுப்பில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் கரண்ட் போவது கடிகாரம் மாதிரி. சாயங்காலம் ஆறு என்றால் ஆறு. வாடகை ஜெனரேட்டரில் மைக்குக்கும் லைட்டுக்கும் மட்டும் லைன் கொடுத்திருந்தார்கள். கீபோர்டின் ஒயர் வகுப்பறை பிளக்கில் இருந்தது. பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. வி.ஐ.பி. எப்படியும் ஐந்தே முக்காலுக்கு முன்னால் வரமாட்டார். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் வரவேற்புப் பாட்டு என்று கறாராகச் சொன்னதும் தமிழம்மாதான்.

எல்லாம் கணக்காக நடந்தது. முந்திரிக்காரர் வந்தார், மாலை போட்டார்கள். தமிழம்மா மைக்கில், "பாடல் மட்டுமல்ல, இந்தப் பாட்டின் இனிய மெட்டும் எளியேன் அமைத்ததே" என்று அறிவித்தார். கரண்ட் போனது. கீபோர்டு செத்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியை எடுத்து, நிதானமாக, எங்கள் ஊர் வேகத்துக்கு இழுத்தேன். பிள்ளைகளின் குரலும் பெட்டியோடு இழுபட்டுப் போனது.

'தண்ணீஈஈர்த் தொட்டி தந்தவரேஏஏ' என்று வட்டமாக உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, ஆடி ஆடிப் பாடினார்கள். மாலையோடு நடுநாற்காலியில் முந்திரிக்காரர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தில் தாய்மார்கள் பக்கம் முதலில் ஒரு சலசலப்பு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "அடிப்பாவிங்களா! மனுசன் உசுரோட குந்தினுக்கீறாருடி!" என்றாள். பந்தலே குலுங்கிவிட்டது. வியாபாரிக்கும் அந்த மெட்டு தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது அடியில் மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பாட்டு முடிவதற்குள் அவருடைய கார் கிளம்பிவிட்டது.

மறுநாள் எங்கள் இருவரையும் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார். மற்ற டீச்சர்களும் வாசலில் நின்றார்கள். அவர் மேஜையைத் தட்டி, "யாரு போட்ட மெட்டு இது?" என்றார்.

தமிழம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "நான் இல்ல மேடம். இவங்கதான் போட்டாங்க. எல்லா வருஷமும் மெட்டு இவங்கதான் போடுவாங்க. சிதம்பரத்துல ஷீல்டு வாங்குன பாட்டுகூட இவங்க மெட்டுதான், எனக்குப் பாடவே வராது மேடம்" என்றார்.

வந்துவிட்டது. நாலு பேர் முன்னால், அவர் வாயாலேயே, ஒன்று விடாமல். பஸ்ஸில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் காத்துக்கிடந்த வார்த்தை. ஆமாம் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த ஆமாமில் ஒப்பாரியும் சேர்ந்து வரும். அவர் தப்பித்துக்கொள்வார், நான் வீட்டுக்குப் போவேன். அவரைப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அந்தக் கெஞ்சலைப் பார்த்ததும் என் மனசு இளகவில்லை, இன்னும் இறுகிப்போனது.

"இல்லீங்க மேடம்" என்றேன். "நான் பெட்டி வாசிக்கிறவ. மெட்டெல்லாம் டீச்சரோடதுங்க. நோட்டீஸ்லயே போட்டிருக்கே."

தலைமையாசிரியை என்னையே உற்றுப் பார்த்தார். "சிதம்பரத்துல பாடுனதும்?"

என் மகளின் ஒற்றைப் பின்னல் ஞாபகத்துக்கு வந்தது.

"அதுவுந்தாங்க மேடம்."

தமிழம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார். விழாப் பொறுப்பு எல்லாவற்றையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். தமிழம்மா முந்திரிக்காரர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு என்னைக் கண்டால் வராந்தாவில் ஒதுங்கிப் போவார். எனக்குக் குளுகுளு என்று இருந்தது, மறைப்பானேன்.

அந்த ஜூனில் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் சேர்ந்தாள். சின்னப் பெண். முதல் நாள் காலை வணக்கத்தில் சிதம்பரத்துப் பாட்டு முடிந்து நான் பெட்டியை மூடும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"எவ்ளோ நல்லா இருக்கு மிஸ் இந்தப் பாட்டு! யாரு மிஸ் மெட்டு போட்டது?"

எதிர் வரிசையில் தமிழம்மா நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைக் கைகாட்டினேன்.