புத்தகத்தில் இல்லாத பெயர்

புதுப் புத்தகத்தின் பசை வாசம் பலருக்குப் பிடிக்கும். எனக்கோ அது மூக்கில் ஏறினாலே எரிச்சல் வருகிறது. ஆடலூருக்குக் கீழே, காப்பித் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த தடித்த புத்தகம் அந்த வாசத்தோடுதான் வந்தது. மலை மக்களின் சமயத்தையும் வரலாற்றையும் பற்றி ஒரு பேராசிரியர் எழுதி, எங்களுக்கும் ஒன்றைத் தபாலில் அனுப்பியிருந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, மிளகு பறிக்கும் நாளில் ஜீப்பில் வந்தவர் அவர். ஓடைக்கரைப் பலாமரத்தடியில் நாங்கள் கும்பிடும் கல்லைக் காட்டி, இந்தச் சாமியின் பெயர் என்ன என்று அம்மாவிடம் கேட்டார். "பெரியவருங்க" என்றார் அம்மா. அது பெயரில்லையே என்று அவர் விடாமல் கேட்க, "பேரச் சொல்லக் கூடாதுங்க. சாமி கும்பிடு அன்னிக்கு மட்டும் பூசாரி ஒருக்கா சத்தமாச் சொல்லுவாரு. அன்னிக்கு வாங்க" என்றார். சாமி கும்பிடு பங்குனியில்தான். அவருக்கோ 'வெரசா' மலை இறங்கும் 'சோலி' இருந்தது.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்களைப் பற்றிய பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இம்மக்கள் பெயரற்ற ஒரு கல்லை வணங்குகிறார்கள், தெய்வத்துக்குப் பெயர் சூட்டும் அளவுக்கு இவர்களின் சிந்தனை வளரவில்லை என்று இருந்தது. அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார். "அப்ப உங்கப்பனுக்கும் பேரு இல்லைனு எழுதிருப்பாரே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லாமல் இருப்பதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு எதற்குத் தத்துவம்? பங்குனி வரை பொறுக்க முடியாதவருக்கு எதற்கு வரலாறு?

அந்த ஆத்திரம் ஆறவே இல்லை. பின்னால் எழுதியவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தே எழுதினார்கள். எங்கள் பிள்ளைகள் கல்லூரியில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினார்கள். போன வருடம் ஒரு தங்கும் விடுதிக்குப் பாதை போட, மண் அள்ளும் இயந்திரம் ஓடைக்கரைக்கு வந்தது. அங்கே கோயில் இருக்கிறது என்று மறித்தோம். விசாரிக்க வந்த அதிகாரியின் கையில் அந்தப் புத்தகத்தின் புதுப் பதிப்பு. அதே பசை வாசம். பெயரே இல்லாத கல்லைக் கோயில் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார்.

அம்மா முன்னால் வந்தார். அப்பா இறந்த அன்றுகூட அவர் பெயரைச் சொல்லி அழாத அம்மா, பெரியவருடைய பெயரை எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். அன்று சாமி கும்பிடு நாளும் இல்லை, பக்கத்தில் பூசாரியும் இல்லை.

அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"புஸ்தகத்துல இல்லையேம்மா" என்றார்.

இப்போது அந்த வழியாக ஜீப்புகள் போகின்றன. பலாமரம் இல்லை. கல்லை எங்கே தள்ளினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா அதற்குப் பிறகு "பெரியவரு" என்றுகூடச் சொல்வதில்லை.