முதலாளி பீரோவைத் திறக்குமுன்

என் அக்கா வாயைத் திறந்தால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். பக்கவாதம் வந்து அந்த வாய் அடைத்துப்போனது. கை, கால் மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் வரவில்லை. "அவங்களா பேசணும்னு நினைக்கணும்மா. இப்ப விட்டா அப்புறம் கஷ்டம்" என்றார் செங்கல்பட்டில் பேச்சுப் பயிற்சி தரும் பெண். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவோ, 'அ' சொல்லு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பார்க்க வந்த சொந்தங்கள் வேறு, அவளுக்குக் காது போய்விட்டதுபோல் கத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் எல்லோரையும் அனுப்பிவிட்டு, போனை எடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், அமெரிக்கத் தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டிய குட்டிச் சிரிப்புப் படங்கள். நடித்தவர்களை அந்த ஊரிலேயே யாருக்கும் ஞாபகமிருக்காது. எனக்குப் பிடித்ததே அதுதான். நம் படத்தில் முகத்தைப் பார்த்ததுமே இவன்தான் ஹீரோ, தப்பித்துவிடுவான் என்று தெரியும். இதில் பெயின்ட் டப்பா யார் தலையில் விழும் என்று கடைசிவரை தெரியாது.

வேண்டுமென்றே ஒரு படத்தைப் போட்டேன். அதன் முடிவு எங்கேயும் கிடைப்பதில்லை. பழைய பிலிம் சுருளிலேயே அழிந்துபோயிருக்கிறது. முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு வழுக்கைத்தலையன் வீட்டுக்கு அவனுடைய முதலாளி சாப்பிட வருகிறார். அவன் கோழியைத் தீய்த்துவிட்டான். எங்கள் இருவருக்குமே இங்கிலீஷ் தெரியாது என்பதால் முதலாளிக்கும் அவனுக்கும் நானே வசனம் பேசினேன்.

"இன்னாய்யா, தீஞ்ச வாசனை வருது?"

"பக்கத்து வூட்ல சார்."

அக்காவின் உதடு அசைந்தது. வழுக்கை, கோழியோடு பீரோவுக்குள் ஒளிந்தான். கழற்றிய கோட்டை மாட்ட முதலாளி பீரோ கைப்பிடியைப் பிடித்தார். அக்கா என் முழங்கையை இறுக்கினாள்.

படம் நின்றது.

அக்கா போனைத் தட்டினாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் தொடையில் ஓங்கி ஓர் அடி போட்டாள். மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் தொண்டை ஏறி இறங்கியது.

"அ... அப்... அப்பால?"

"தெரியாதுக்கா. இதுக்கு முடிவே கெடையாது."

ஏமாந்த ஆத்திரத்தில் அவள் ஒரு கெட்ட வார்த்தையால் என்னைத் திட்டினாள். ஓர் எழுத்துகூடத் திக்காமல் வந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லுக்கா" என்றேன், அழுதுகொண்டே.