இரண்டு கப் பாயசம்

திருப்பதியில் சாஃப்ட்வேர்காரர்களின் மாநாடு, மதியச் சாப்பாட்டு நேரம். மூன்று வருடமாக வேலூரில் வீட்டு அறையிலிருந்தே வேலை செய்கிறேன். நாலு பேரிடம் நேரில் பேசலாம் என்றுதான் பஸ் ஏறி வந்தேன். காலையிலிருந்து நான் வாய் திறந்து சொன்னது, பதிவு மேஜையில் என் பெயரை மட்டும். எல்லாரும் தங்கள் கம்பெனி ஆட்களோடு நின்று சிரித்துப் பேசுகிறார்கள். நான் கடைசி மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

பரிமாறும் அக்கா வாளியோடு வந்து, "பாயசம் காவாலா?" என்று தெலுங்கில் கேட்கிறார்.

"கொஞ்சம் போதுங்க."

"தமிழா! எனக்கு நகரிம்மா, தமிழ்நாட்டு பார்டராண்ட கீற ஊரு. இன்னா, தனியா துன்னுகினு கீறே? கூட வந்தவங்க எங்க?"

"ஃபோன் பேச வெளியே போயிருக்காங்கக்கா." ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஐயோ, பாயசம் தீர்ந்துகினு வருதே!" இன்னொரு கப்பை நிரப்பி, எதிரே காலி நாற்காலிக்கு நேராக வைக்கிறார். "வந்ததும் குடிக்கச் சொல்லு."

என் கப்பை முடிக்கிறேன். எதிரே இருப்பதில் ஆடை படிகிறது. தூரத்திலிருந்து அக்கா பார்த்துச் சிரிக்கிறார். யாரையோ எதிர்பார்ப்பதுபோல் கதவுப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவர் சமையல்கட்டுக்குள் போனதும், அந்தப் பாயசத்தையும் குடித்துவிட்டுக் காலிக் கப்பை எதிர் நாற்காலிக்கு நேராகவே திரும்ப வைக்கிறேன்.