பையன் நல்லாத்தானே இருக்கான்

“உள்ள போங்க சார், உள்ள போங்க. நடுவுல ஒரு குடும்பமே குடித்தனம் பண்ற அளவுக்கு எடம் கெடக்கு. படிக்கட்ட மட்டும் ஏன் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கறீங்க?”

கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு வருகிறாள் கண்டக்டரம்மா. அவள் குரலுக்கு முன்னால் பேருந்தின் ஹாரன் எடுபடாது. சில்லறைக்காக முறைப்பவரிடம் பதிலுக்கு முறைப்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்த்தால் மட்டும் குரல் கொஞ்சம் தணியும். டிக்கெட் எடுக்காதவனைப் பின்பக்கத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். “எடுக்காதவன்தான் சன்னலுக்கு வெளிய ரொம்ப அக்கறையா பாப்பான்” என்பது அவள் கணக்கு. அப்படி ஒருவன் சிக்கிவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை பேருந்துக்கே பொழுதுபோக்கு. “என்ன தம்பி, வெளிய மரமெல்லாம் எண்ணி முடிச்சாச்சா?”

இதே கண்டக்டரம்மாவைப் பள்ளியின் தலைமையாசிரியை அறையில் பார்த்தால் அவளுடைய பயணிகளுக்கே அடையாளம் தெரியாது. நாற்காலி இருந்தும் உட்கார மாட்டாள். “சரிங்க மேடம்”, “இல்லீங்க மேடம்”, “நீங்க சொன்னா சரிதான் மேடம்” தவிர வாயில் வேறு சொல் வராது. காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் கதவைத் தட்டுவாள். அவள் உள்ளே வந்ததும் தலைமையாசிரியை சன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பார்.

அவள் பையனுக்கு ஒன்பது வயது. பேச்சு குறைவு. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைக் கொண்டுவந்து கையில் வைப்பான். சிரிப்பு வந்தால் சுவரோடு முகத்தைச் சேர்த்துக்கொண்டு தனியாகச் சிரிப்பான். கூட்டல் கணக்கை வகுப்பில் மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிடுவான். மணி அடித்தால்தான் வினை. காதைப் பொத்திக்கொண்டு நெற்றியை மேசையில் மோதத் தொடங்குவான். வராந்தாவில் ஓடும் கால்களின் சத்தம் அடங்கும்வரை மோதுவான். யாராவது பின்னால் நின்று அவன் தோள்கள் இரண்டையும் நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும், அடங்கிவிடுவான். அதற்கு ஒரு பட்டமும் வேண்டாம். ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள்தான் இல்லை. அதனால் அவனுக்குத் துடைப்பங்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில், வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். வருகைப் பதிவில் அவன் பெயர் வகுப்புக்குள் இருக்கிறது. அவன் வெளியே இருக்கிறான்.

“ஒருத்தனுக்காக டீச்சர் பாடத்த விட்டுட்டு எந்திரிச்சு வர முடியுமாம்மா? கல்வி ஆபீஸ்ல சொல்லி ஒரு உதவியாளர் வாங்கிட்டு வாங்க, உள்ள உக்கார வெக்கறோம். இல்லன்னா அடுத்த வருஷம் வேற எடம் பாத்துக்குங்க” என்றார் தலைமையாசிரியை.

“சரிங்க மேடம்” என்றாள்.

உதவியாளர் தேவையா இல்லையா என்று முடிவுசெய்ய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பையனைப் பார்ப்பார் என்றார்கள். அங்கேதான் கண்டக்டரம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள். அவள் இடத்தில் எந்தத் தாய் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

பையனுக்கு ஒத்திகை வைத்தாள். பணிமனையில் நிறுத்திய பேருந்துக்குள், பள்ளி லீவு நாட்களின் சாப்பாட்டு வேளையில். அதிகாரி வேடம் டிரைவருக்கு. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, “தம்பி, ஒம் பேரென்ன? என்ன படிக்கிற?” என்று மிரட்டலாகக் கேட்பார்.

“அண்ணே, அவரு ஆபீசருண்ணே, போலீஸ் இல்ல. கொஞ்சம் சிரிங்க.”

“சிரிச்சா ஆபீசர்னு எவன் நம்புவான் தங்கச்சி?”

பையன் முதலில் சன்னல் கம்பியைத்தான் பார்த்தான். நாளாக நாளாகக் கையைக் கட்டினான். கேட்டதற்குப் பேர் சொன்னான், வகுப்பைச் சொன்னான். வணக்கம் வைக்கக்கூடப் பழகினான். டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி வரும் நாளில் சட்டையைத் தேய்த்து மடிப்புக் கலையாமல் போட்டுவிட்டாள். பள்ளிக் குமாஸ்தாவைக் கெஞ்சி, இடைவேளை மணிக்கு முன்பே பார்த்து முடிக்க ஏற்பாடு செய்தாள். வீட்டுக்கு ஆள் வந்தால் அழுக்குத் துணியைக் கதவுக்குப் பின்னால் தள்ளுவதில்லையா? அந்த மாதிரித்தான். இதில் சூதும் இல்லை, யோசனையும் இல்லை.

பையன் பிசகாமல் எல்லாம் சொன்னான். அதிகாரி நல்ல மனிதர். குனிந்து கைகுலுக்கினார். “பையன் நல்லாத்தானே இருக்கான்! நீங்கதாம்மா தேவையில்லாம பயப்படறீங்க.”

பிறந்ததிலிருந்து அவனைப் பற்றி வெளியாள் ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்று பேருந்தில் அவள் ஒருவரையும் திட்டவில்லை. “இன்னிக்கு என்ன கண்டக்டரம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?” என்று வாடிக்கைப் பயணி கேட்டதற்கும் சிரித்தாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. உதவியாளர் தேவையில்லை.

அதன் பிறகு பணி முடிந்த சீருடையோடு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அதிகாரிக்கு அலுத்துப்போயிற்று. “நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கும்மா ஆளு? நெஜமாவே கஷ்டப்படற புள்ளைங்களுக்கே குடுக்க ஆள் இல்ல.”

“அன்னிக்கு நல்லா இருந்தான் சார்.”

“அன்னிக்கு இருந்தவன் மத்த நாளும் இருப்பான். இருக்க வெக்கறது உங்க கையிலதான் இருக்கு.”

அவள் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில், “இன்னொரு தடவ வந்து பாக்கறேன், அதோட சரி” என்றார்.

செய்தியைக் கேட்டு டிரைவர் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டினார். பிறகு திரும்பாமலே சொன்னார். “தங்கச்சி, தப்பா நெனைக்காத. அந்தாளு வர்ற அன்னிக்கு நீ புள்ளயத் தொடாத.”

“நீயெல்லாம் புள்ள பெத்தவனாண்ணே?” என்று கேட்டுவிட்டுப் பின்பக்கம் போனவள், அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்கு அவளே போன் போட்டாள். “மேடம், சார் இந்தத் தடவ இடைவேளை நேரத்துல வந்தா தோதா இருக்கும்” என்றாள். யாரையோ இறங்கும் இடம் சொல்லி இறக்கிவிடுகிற குரல்.

எங்கே போகிறோம், யார் வருவார் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவள் வழக்கம். இந்த முறை சொல்லவில்லை. அவன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான். அவள் செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

தலைமையாசிரியை அறையில் அவரும் அதிகாரியும், மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் பையன், அவனுக்குச் சற்றுப் பின்னால் ஒரு காலி நாற்காலி, அதை ஒட்டி நின்றபடி அவள். பையன் பேர் சொன்னான். வகுப்பைச் சொன்னான். அதிகாரி தலைமையாசிரியையைப் பார்த்து, போன தடவை மாதிரிதானே என்கிற மாதிரிச் சிரித்தார்.

மணி அடித்தது. மேலே மாடியிலிருந்து கால்கள் உருண்டு வந்தன.

பையன் காதைப் பொத்தினான். முதல் மோதலில் மேசை மேலிருந்த பேனா உருண்டு விழுந்தது. அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். இரண்டாவது, மூன்றாவது. நடுவில் நிறுத்தி, தோள்களைப் பின்னால் சாய்த்து, அங்கே இருக்க வேண்டியதைத் தேடினான். கிடைக்கவில்லை. திரும்பவும் குனிந்தான். நெற்றி சிவந்து தடித்தது.

“ஐயோ, என்னம்மா பாத்துக்கிட்டு இருக்கீங்க? புடிங்க அவன!”

“நீங்க நல்லா பாத்துக்குங்க சார்” என்றாள் கண்டக்டரம்மா. சொல்லிவிட்டு, அந்தக் காலி நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.