எந்த ஸ்கோப் வாங்குவது

நானே கட்டிய ஆம்ப்ளிஃபையர் இரைகிறது. மல்டிமீட்டரை வைத்தால் பன்னிரண்டு வோல்ட் என்று சமர்த்தாகக் காட்டுகிறது. அப்புறம் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? மின்சாரம் உள்ளே எப்படி ஆடுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். தனித் திரையோடு வருவதன் விலை எனக்கு எட்டாது. லேப்டாப்பில் சொருகிக்கொள்கிற சின்னப் பெட்டி போதும் என்று தேடத் தொடங்கி இரண்டு மாதமாகிவிட்டது.

தேடியவனுக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல். பெட்டியின் மேல் இருபது மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். கீழே பொடி எழுத்தைப் படித்தால், இரண்டு சேனலையும் ஓடவிட்டால் பாதிகூடத் தேறாது என்று தெரியும். தேறுகிற ஒன்றின் மென்பொருள் என் பழைய லேப்டாப்பில் ஏறாது. ஏறுகிற ஒன்றிலோ, அளக்கிற வயரின் கிளிப்பைத் தப்பான இடத்தில் மாட்டினால் லேப்டாப்பே போய்விடும் என்று ஒருவன் வீடியோ போட்டிருக்கிறான். தர்மபுரிக் கடைகளில் கேட்டால் பெங்களூரில் பாருங்கள் என்கிறார்கள். எங்கள் காரிமங்கலத்தில் இதைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில் வேலை பார்க்கும் நண்பனிடம் போனில் கத்தினேன். உள்ளே என்னவோ கோளாறு, ஸ்கோப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது, இனியும் தள்ளிப்போட மாட்டேன் என்று. எங்களோடு இருக்கும் மாமியார் அப்போதுதான் பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்திருந்தார்.

மறுநாளிலிருந்து என் தட்டில் காரம் காணாமல் போனது. புளிக்குழம்பு போய் மோர்ச்சோறு வந்தது. மூன்றாம் நாள் அத்தை பக்கத்தில் வந்து, எந்த ஆஸ்பத்திரி, வெறும் வயிற்றோடு போகணுமா, கூட ஆள் வரலாமா என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் ஸ்கோப் என்றால் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பதுதான். என் பெயருக்குப் பூசைகூடக் கொடுத்துவிட்டாராம்.

இருந்த கடுப்பில் வெடுக்கென்று சொன்னேன். எனக்கு ஒரு நோயும் இல்லை, அது கரண்ட்டைப் பார்க்கிற பெட்டி, அதுவும் கிடைத்தபாடில்லை என்று. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வாடிப்போனது.

"எனக்குத்தாங்க மாப்ள ஸ்கோப் பாக்கச் சொல்லியிருக்காங்க, பொங்கலுக்கு முன்னாலயே. மவகிட்டகூட சொல்லல. நீங்க மொதல்ல பாத்துட்டு வந்தீங்கன்னா, வலிக்குதான்னு கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பொங்கலிலிருந்து அவர் தட்டில் மோர்ச்சோறுதான் இருந்தது. தினமும் எதிரே உட்கார்ந்துதான் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.