தம்பியின் கருவிக்கு எட்டு வெட்டுகள்

எங்கள் சோதனைக்கூடத்தில் அவரை எல்லோரும் ‘கரண்ட்கட் அக்கா’ என்றே அழைக்கிறோம். மின்சாரத்தைக் கெடுத்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. அலமாரி உயரத்தில் நிற்கும் மின்மூலக் கருவியின் முன் அமர்ந்து, கணிப்பொறியில் கட்டளை எழுதுவார். அது சீரான மின்சாரத்தை வாங்கி, அவர் கேட்டபடி தாழ்த்தியும் உயர்த்தியும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு அறவே வெட்டியும் வெளியே தரும். ஊர் மின்கம்பியில் என்றைக்கோ நேரப்போகும் கோளாறுகளை எல்லாம் ஒரே முற்பகலில் ஒரு சாதனத்தின் தலையில் இறக்கிவிடலாம். தாங்கினால் சான்றிதழ் கிடைக்கும்.

இளமையில் அவர் ஸ்டெபிலைசர் தொழிற்சாலையில் கம்பி சுற்றியவர். மின்சாரத்தைச் சரிசெய்தபோது கிடைத்ததைவிடக் கெடுக்கும்போது சம்பளம் அதிகம் என்று சொல்லிச் சிரிப்பார்.

சென்ற ஆண்டு அவருடைய தம்பி, தம் பட்டறையில் உருவாக்கிய ஆக்சிஜன் கருவியைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். நோயாளிகளின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப ஒரு மருத்துவமனை அதை வாங்கத் தயாராக இருந்தது. அந்த வாரத்துக்குள் அறிக்கை வேண்டும் என்பது நிபந்தனை. உறவினரின் பொருளைச் சோதிப்பது எங்கள் வழக்கமில்லை. மற்றொரு பரிசோதகர் விடுப்பில் இருந்ததால், மேலாளர் தாமே உடனிருந்து கையொப்பமிடச் சம்மதித்தார்.

எந்த வெட்டுக்கும் ஆக்சிஜன் கருவி நிற்காமல் ஓடியது; ‘பாஸ்’ என்றார் அக்கா. தம்பி நடைபாதைக்குப் போய் மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லியும்விட்டார்.

அறிக்கைக்காக அலைப் படங்களை அடுக்கும்போதுதான் அக்கா கையை நிறுத்தினார். மின்சாரம் அலையாக ஏறி இறங்குவது. எல்லா வெட்டுகளும் அந்த அலை பூஜ்யத்தைத் தொடும் இடத்திலேயே தொடங்கியிருந்தன. முந்தைய நாள் ஒரு விளக்குக்காக எழுதிய கட்டளைக் கோப்பையே அவர் ஓட்டியிருந்தார். விளக்குக்கு அது போதும். மருத்துவக் கருவியை அலையின் எட்டு இடங்களில் வெட்டிப் பார்க்க வேண்டும். மேலாளரும் கவனித்திருக்கவில்லை.

“மறுபடி மாட்டணும்டா.”

“பாஸுன்னு நீதானே சொன்ன?”

“விளக்குக்கு எழுதின ஃபைலை ஓட்டிட்டேன். ஒரு இடத்துலதான் வெட்டியிருக்கேன். இன்னும் ஏழு இருக்கு.”

“மிஷின் நின்னுட்டா?”

“நின்னா இங்கேயே நிக்கட்டும். மூக்குல குழாயோட படுத்திருக்கிறவங்க வீட்டுல நிக்க வேணாம்.”

“என் மார்க் ஷீட்டை ஒளிச்ச இடத்துல இருந்து எடுத்து அப்பாகிட்ட நீட்டினவதானே நீ. பண்ணு, பண்ணு.”

அலையின் உச்சியில் வெட்டியபோது கருவியின் ஓசை அடங்கியது. மின்சாரம் உடனே திரும்பியும் அது எழவில்லை. எச்சரிக்கை மணிகூட அடிக்கவில்லை. தம்பி அதன் மூடியை, பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுவதுபோல, இருமுறை தட்டினார். அக்கா ‘தோல்வி’ என்று பதிந்தார். ஒரு பக்கம் பிடிக்கப் போன அவரை விலக்கிவிட்டு, தம்பி கருவியைத் தனியாகவே தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

மருத்துவமனை பாதித் தேவையை வேறிடத்தில் வாங்கிக்கொண்டு, மீதிக்குக் காத்திருக்க ஒப்புக்கொண்டது. இந்தச் செய்தி தம்பியின் மனைவி வழியாகத்தான் வந்தது. தம்பி அக்காவின் அழைப்பை எடுக்கவேயில்லை.

திருத்திய கருவியையும் அந்தத் தம்பி மனைவிதான் கொண்டுவந்தார்.

“அவரு கீழே வண்டியிலயே இருக்காரு அண்ணி. உங்க ரூமைப் பார்த்தா பிபி ஏறுதாம்.”

“ஏறட்டும். அதை அளக்க இங்கே மிஷின் இல்ல.”

விடுப்பு முடிந்து வந்திருந்த மற்றொரு பரிசோதகர் சோதித்தார். அக்காவும் தம்பி மனைவியும் கதவுக்கு வெளியே நின்று கருவியின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வெட்டுவரை அது மாறவில்லை.

அக்கா கீழே போனார். தம்பி இருக்கையைச் சாய்த்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார்.

“நிக்கல,” என்றார் அக்கா.

“எட்டும் பார்த்தாங்களா? இல்ல, இதையும் விளக்குன்னு நெனைச்சுட்டாங்களா?”

“மேல போய் நீயே கேளு. லிஃப்ட் வேலை செய்யுது.”

தம்பி இருக்கையை நிமிர்த்தி, வண்டியைப் பூட்டிவிட்டு, அறிக்கையை வாங்க அவருடன் நடந்தார்.